தேசிங்குராஜன் கூத்து

செஞ்சிக் கோட்டையை ஆண்ட இராசபுத்திர இளைஞர் தேஜ்சிங், தமிழர் நாவில் தேசிங்கு ஆனார். கப்பப் பாக்கி கேட்ட ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானைச் சிறுபடையுடன் எதிர்த்து, 1714 அக்டோபரில் 22 வயதில் போர்க்களத்தில் மாண்டார். மனைவி உடன்கட்டை ஏறினார்; அவர் நினைவாகவே இராணிப்பேட்டை எழுந்தது என்பர்.

இத்துயரம் கதைப்பாடலாகவும் தெருக்கூத்தாகவும் வடதமிழகத்தில் வாழ்ந்தது. கதையின் உயிர் தேசிங்கு அல்லர், அவருடைய இசுலாமிய நண்பர் மோவுத்துக்காரனே என்பேன். தம் திருமணத்தைப் பாதியில் விட்டு, நீலவேணிக் குதிரையேறி வந்து நண்பருக்காக உயிர்விட்டவர் அவர். கூத்துக் களரியில் குதிரைக்கு எங்கே போவது? சலங்கை கட்டிய கால்களே குளம்பொலி எழுப்பும்.

திருப்புட்குழி அமைந்த காஞ்சிபுரம் வட்டாரத்தில் திரௌபதியம்மன் விழாக்களில் பாரதக் கூத்துக்கே முதலிடம். 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘ராஜா தேசிங்கு’ படத்தை அறிந்தவர்கள்கூட இன்று இந்தக் கூத்தை அறிவதில்லை.