டிராக்டரின் இதயம்

தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிறவர்களே, பெருங்களத்தூர் - வண்டலூர் வரும்போது ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். 'ஹெரால்டு' கார் பிறந்த மண் அது! ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அங்கேதான் இருந்தது.

1985-ல் அந்தக் கம்பெனி 'ஸ்டாண்டர்டு 2000' காரை இறக்கியது. உடம்பு, இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. ஐரோப்பாவில் 1977-ன் சிறந்த கார் என்று பட்டம் வாங்கியது! 1976-ல் அங்கே அறிமுகமானபோது அதற்கு 3,528 சி.சி. அலுமினிய வி-8 எஞ்சின். இங்கே? 1,991 சி.சி. வார்ப்பிரும்பு பிளாக். 1940-களின் வான்கார்டு கார் எஞ்சினின் வாரிசு. அதே குடும்பத்து எஞ்சின்தான் ஃபெர்குசன் டிராக்டரையும் ஓட்டியது!

சிரிக்காதீர்கள். அந்த பிளாக் லேசுப்பட்டதல்ல. சிலிண்டர்கள் தனியே கழற்றக்கூடிய 'வெட் லைனர்'கள். குளிர்விக்கும் தண்ணீர் அவற்றை நேரடியாகத் தொட்டு ஓடும். தேய்ந்துபோச்சா? பிளாக்கைக் கடைய வேண்டாம், லைனரை மாற்றினால் போதும். 1953-ல் வந்த டிரயம்ஃப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரும் இதே குடும்பத்து எஞ்சினை நம்பித்தான் வந்தது.

அப்புறம் ஏன் தோற்றது? பிளாக் உடையவில்லை, காலம் மாறிவிட்டது! பெரிய உடம்பை இழுக்கத் திணறியது, பெட்ரோலைக் குடித்தது. 1983-லேயே வந்துவிட்ட மாருதி, மைலேஜ் ஆசையைக் கிளப்பியிருந்தது. 1988-ல் ஸ்டாண்டர்டு 2000 நின்றது. அதோடு, சென்னையின் சொந்தக் கார் கதையில் ஓர் அத்தியாயமும் முடிந்தது.

பழைய காருக்கு பிளாக் தேடுகிறவர்களே... 'எவ்வளவு கெட்டி?' என்று கேளுங்கள். கூடவே, 'எந்த உடம்புக்கு?' என்றும் கேளுங்கள்!