ஆறு கேள்விகள் பிறந்த கதை

1950களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலிருந்த பெஞ்சமின் ரோஸ் மருத்துவமனைக்கு, இடுப்பெலும்பு முறிந்த முதியவர்கள் வந்தபடி இருந்தார்கள். எலும்பு கூடியதா என்பதை எக்ஸ்ரே சொல்லிவிடும். வீட்டுக்குப் போனபின் இவர் தானாக உடுத்துவாரா, கழிப்பறைக்குப் போவாரா என்பதை அது சொல்லாது.

மருத்துவர் சிட்னி காட்ஸும் குழுவினரும் நோயாளிகள் தேறுவதைக் கவனித்துக் குறித்துவந்தார்கள். அதில் ஒரு வரிசை தெரிந்தது. தானாகச் சாப்பிடுவதும் மலசலத்தை அடக்குவதும் முதலில் திரும்பின. கட்டிலைவிட்டு எழுவதும் கழிப்பறைக்குப் போய்வருவதும் அடுத்து. உடுப்பதும் குளிப்பதும் கடைசி. குழந்தை கற்றுக்கொள்ளும் வரிசையும் ஏறத்தாழ இதுவே. முதுமையில் இது தலைகீழாகும்: பெரும்பாலும் குளியல் முதலில் கைவிடும், சாப்பாடு கடைசிவரை நிற்கும்.

இந்த ஆறையும் வைத்து 1963இல் வெளியானது காட்ஸ் குறியீடு. தானாகச் செய்தால் ஒன்று, துணை வேண்டுமென்றால் பூஜ்ஜியம் என்று இன்று எண்ணுகிறார்கள். கருவி வேண்டாம், செலவும் இல்லை.

முதியோர் இல்லத்துச் செவிலியருக்கு மொத்த மதிப்பெண்ணைவிட எது குறைந்தது என்பதே முக்கியம். குளியல் மட்டும் என்றால் குளிமுறியில் கைப்பிடி, வழுக்காத தரை, உட்கார ஸ்டூல், கூப்பிடு தூரத்தில் ஓர் ஆள். கட்டிலைவிட்டு எழவே முடியாதென்றால் படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கும் அட்டவணை. அடுத்து எது தளரும் என்று ஊகிக்க முடிவதால், விழுவதற்கு முன்பே ஏற்பாடு செய்யலாம்.

1986இல் அமெரிக்க முதியோர் இல்லங்களைச் சீர்திருத்தப் பரிந்துரைத்த குழுவுக்கும் காட்ஸ்தான் தலைவர். அதையொட்டி வந்த 1987ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொருவரையும் மதிப்பிட்டுப் பராமரிப்புத் திட்டம் எழுதுவதைக் கட்டாயமாக்கியது. நம் பக்கம், 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராசன் முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கினார்.

மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் பிள்ளைகள் வளைகுடாவில், பெற்றோர் ஊரில். போனில் முதல் கேள்வி எப்போதும் "சாப்பிட்டியளா?"தான். கடைசியில் தளர்வதைத்தான் முதலில் கேட்கிறோம். "அம்மா, துணையில்லாமக் குளிச்சியளா?" என்றும் கேளுங்கள். பதிலில் தயக்கம் தெரிந்தால், அந்த வாரமே குளிமுறியில் கைப்பிடி வைக்க ஆள் விடுங்கள்.