வளர்ந்தோர் வகுப்பறையும் கற்பித்தல் முறையும்: ஒரு வரலாற்று நோக்கு

கற்பித்தல் முறைகள் கல்வியியலாளரின் சிந்தனையிலிருந்தே பிறக்கின்றன என்பது பொதுவாக நிலவும் கருத்து. வளர்ந்தோர் கல்வியின் வரலாற்றை நோக்குமிடத்து, இக்கருத்து மீள்பரிசீலனைக்குரியதாகின்றது. தொழில் செய்து, குடும்பப் பொறுப்பேற்று, வாழ்வனுபவத்துடன் வகுப்பறைக்கு வந்த மாணவர் தமக்கேற்ற முறையினை உருவாக்குவதிற் பங்குகொண்டமைக்கு இங்கிலாந்தின் வரலாறு தக்க சான்றாகும். அதனைச் சுருக்கமாக நோக்குவோம்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜேம்ஸ் ஸ்டுவர்ட் 1867இல் வட இங்கிலாந்து நகரங்களிற் பெண்களுக்கு விரிவுரைகள் நிகழ்த்தினார். இளம் ஆசிரியரொருவர் பெண்களிடம் நேரில் வினாத் தொடுப்பது முறையன்று என அக்காலச் சமூகம் கருதியது. ஆகவே, அவர் அச்சிட்ட வினாக்களை வழங்கி, எழுத்து விடைகளைப் பெற்றுத் திருத்தினார். சமூகத் தடையொன்றே பயனுள்ள கற்பித்தல் முறையொன்றுக்குக் காலாயிற்று. றொச்டேல் நகரக் கூட்டுறவாளரிடையே அவர் விரிவுரையாற்றியபோது, விளக்கப்படங்களை அகற்றாது விட்டுச் சென்றார். அடுத்த விரிவுரைக்கு முன்னர் உறுப்பினர்கள் அப்படங்களைப் பார்த்துத் தம்முள் விவாதித்தனர். ஐயங்களைக் கேட்டறிய விரும்பினர். இவ்வாறு விரிவுரையுடன் வினாவிடை வகுப்பும் இணைந்தது.

1873இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இவ்விரிவாக்க விரிவுரைகளைத் தன் பணியாக ஏற்றுக்கொண்டது. ஆயினும், வருகையாளர் செலுத்திய கட்டணத்திலேயே அவை பெரிதும் தங்கியிருந்தமையாற் பெருங்கூட்டம் தேவைப்பட்டது. பெருங்கூட்டத்திலோ ஆழமான கலந்துரையாடல் இயலாது. எழுத்துப் பயிற்சியும் வினாவிடையும் சிலருக்கு மட்டுமே பயன்பட்டன. பகல் முழுவதும் உழைத்த தொழிலாளிக்குக் கட்டணமும் சுமையாயிற்று. கற்பித்தல் முறையின் எல்லையைப் பொருளாதார அடிப்படையே வரையறுத்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

1903இல் அல்பேட் மான்ஸ்பிரிட்ஜ் தொடங்கிய தொழிலாளர் கல்வி இயக்கம் இந்நிலையை மாற்ற முயன்றது. 1908 ஜனவரியில், ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் ஆதரவுடன், லோங்டனிலும் றொச்டேலிலும் பயிற்சி வகுப்புகள் தொடங்கின. ஆசிரியர் ஆர். எச். டோனி, பாடம் பொருளாதார வரலாறு. வகுப்பு இரண்டு மணிநேரம் நீடித்தது. முதல் மணிநேரம் விரிவுரை; இரண்டாவது மணிநேரம் கலந்துரையாடல். ஆண்டுக்கு 24 கூட்டங்கள், இரு வாரங்களுக்கு ஒரு கட்டுரை, மூன்றாண்டுப் பயில்வு, ஏறத்தாழ 30 மாணவர் என்ற அமைப்பு விரைவில் நிலைபெற்றது. கலந்துரையாடல் விரிவுரையின் பின்னொட்டாக அன்றி, அதற்குச் சமமான நேரமுடைய பகுதியாக அமைந்தமையே இங்கு முக்கியமானது. நெசவாளரும் மட்பாண்டத் தொழிலாளரும் தம் அனுபவத்தைக் கொண்டு ஆசிரியரின் கூற்றுகளை உரசிப் பார்த்தனர். பதினாறாம் நூற்றாண்டின் நிலப் பிரச்சினை பற்றி 1912இல் வெளியிட்ட நூலின் முன்னுரையில், தொழிலாளரான தம் மாணவரிடம் தாம் கற்றதை டோனி நன்றியுடன் ஒப்புக்கொண்டார்.

எனினும், முறை திருந்தினால் மட்டும் போதுமா? இவ்வினாவை எழுப்பியோரும் மாணவரே. தொழிலாளருக்கென ஒக்ஸ்போட்டில் 1899இல் நிறுவப்பட்ட ரஸ்கின் கல்லூரியில், 1909இல் மாணவர் விரிவுரைகளைப் புறக்கணித்தனர். அதிபர் டெனிஸ் ஹேட் நீக்கப்பட்டமை உடனடிக் காரணம். ஆனால், பொருளியல் எவ்வர்க்கத்தின் நோக்கிற் கற்பிக்கப்படுகிறது, கல்லூரி எவர் கட்டுப்பாட்டில் உள்ளது என்பனவே அடிப்படைப் பிரச்சினைகள். மார்க்சியப் பொருளியலுக்கு உரிய இடம் கோரியோர் அவ்வாண்டிலேயே மத்திய தொழிற் கல்லூரியை நிறுவினர். அது 1929 வரை இயங்கியது.

இவ்விரு போக்குகளையும் நாம் எதிரெதிராக மட்டும் கொள்ளலாகாது. பயிற்சி வகுப்பு 'எவ்வாறு கற்பிப்பது' என்பதற்கு விடை தேடியது. ரஸ்கின் மாணவரோ 'எதனை, யாருக்காகக் கற்பிப்பது' எனக் கேட்டனர். முதலாவது வினா தனித்து நின்றால், கலந்துரையாடல் வெறும் உத்தியாகிவிடும். இரண்டாவது மட்டும் நின்றால், பழைய விரிவுரையே புதிய உள்ளடக்கத்துடன் தொடரலாம். பிற்காலத்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் வளர்ந்தோர் வகுப்புகளிற் கற்பித்த ஈ. பி. தொம்சன், ஆங்கிலத் தொழிலாளர் வர்க்கத்தின் உருவாக்கம் பற்றிய தம் நூலை 1963இல் வெளியிட்டபோது, அவ்வகுப்பு மாணவருக்குத் தாம் பட்ட கடனைக் குறிப்பிட்டார். வகுப்பறை ஆய்வுக்களமாகவும் மாறவல்லது என்பதற்கு இது சான்று.

எனவே, வளர்ந்த மாணவருக்கான கற்பித்தலைச் சீர்செய்ய விழைவோர் புதிய உத்திகளைத் தேடுமுன் மாணவரின் அனுபவத்தை அறிவின் ஊற்றாக ஏற்கவேண்டும். பாடப்பொருளைத் தீர்மானிப்பதில் அவர்களுக்குரிய இடத்தையும் வழங்கவேண்டும். குறிப்பெடுப்போராக மட்டும் அவர்கள் கருதப்படும் வரை, எத்தகைய புதிய உத்தியும் பழைய விரிவுரையின் மறுவடிவமாகவே அமையும்.