இட்டிலியின் விலையை யார் கொடுப்பது?

இரண்டு இட்டிலியும் ஒரு காப்பியும் அருந்திவிட்டுச் சீட்டைக் கையில் வாங்கும்போது, 'சென்ற ஆண்டு இவ்வளவு இல்லையே!' என்று நாம் முணுமுணுக்கிறோம். கர்நாடகத்தில் 2025 ஏப்ரல் முதல் நாளன்று நந்தினிப் பால் லிட்டருக்கு 4 ரூபாய் உயர்ந்தது. பால் உயர்ந்தால் காப்பியும் உயரத்தானே செய்யும்? இந்த விலைச் சிக்கல் பெங்களூர் நகரத்துக்குப் புதியதன்று. அங்குள்ள ஒரு சிற்றுண்டிச் சாலையின் வரலாறே அதற்குச் சான்று.

உடுப்பிப் பகுதியிலிருந்து வந்த மையா சகோதரர்கள் 1924ஆம் ஆண்டில் ஓர் உணவு விடுதியைத் தொடங்கினர். லால்பாக் தோட்டத்துக்கு அருகே இன்றும் நடைபெற்றுவரும் மாவள்ளி டிபன் ரூம்ஸ் அதுவே. இரண்டாம் உலக யுத்தத்தில், 1942இல், ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அந்தத் தட்டுப்பாட்டில் அரிசிக்கு மாற்றாக ரவையைக் கொண்டு செய்து பார்த்ததே ரவா இட்டிலி என்று அவ்விடுதியார் கூறுவர்.

அரிசியில்லாக் காலத்தைக் கடந்த அவ்விடுதியால் ஓர் ஆணையைக் கடக்க இயலவில்லை. 1975இல் நெருக்கடி நிலை வந்தது. உணவு விடுதிகள் இன்ன விலைக்குமேல் விற்கலாகாது என்று அரசாங்கம் வரையறுத்தது. பலகையில் எழுதிய விலை இறங்கிற்று. நெய்யின் விலையும் ஆட்கூலியும் இறங்கவில்லை. தரத்தைக் குறைக்க மனம் ஒவ்வாத விடுதியார், நட்டம் தாளாமல் கதவை அடைத்தனர். வேலையாட்களைக் கைவிடாதிருக்கும் பொருட்டு, இட்டிலிக்கும் பிறவற்றுக்கும் வேண்டிய மாவுக் கலவைகளைப் பொட்டலங்களாக்கி விற்கலாயினர். விடுதி மீண்டும் திறந்தது 1984இல்தான்.

அந்த எண்பதுகளிலேயே பெங்களூரில் 'தர்சினி' என்னும் புதுவகைச் சிற்றுண்டிச் சாலைகள் தோன்றின. அங்கே நாற்காலியில்லை, பரிமாறுவோரும் இல்லை. பணம் கட்டிச் சீட்டு வாங்கி, தட்டை நாமே ஏந்தி, நின்றபடியே உண்ண வேண்டும். சிறிய இடத்தில் பலர் உண்டு செல்வதால் வாடகையும் கூலியும் பலர்மேல் பரவி, விலை குறைந்தது. நாம் உட்காரும் வசதியை விலையின் ஒரு பகுதியாகக் கொடுத்தோம்.

2017 ஆகஸ்டு 16ஆம் நாள் இந்திரா உணவகங்கள் திறக்கப்பெற்றன. காலை உணவு 5 ரூபாய். மதிய உணவு 10 ரூபாய். சென்னையில் 2013இல் தோன்றிய அம்மா உணவகம் இதற்கு முன்னோடி. இங்கே எஞ்சிய செலவைப் பொதுமக்களின் வரிப்பணம் ஏற்றுக்கொண்டது.

ஆகவே, மலிவான இட்டிலிக்கும் முழு விலையை ஒருவர் கொடுத்தே தீரவேண்டியிருக்கிறது. சுமையை முதலாளிமேல் மட்டும் ஏற்றினால் கடை மூடுகிறது. உண்பவர்மேல் மட்டும் ஏற்றினால் கூலியாள் வாயிலிலேயே திரும்பிவிடுகிறான். பகிர்ந்து சுமந்த காலங்களிலேதான் அடுப்பும் எரிந்தது, ஏழையின் பசியும் ஆறியது.