ஓடைக்குள் இறங்கியவர்கள்

சென்ற பருவத்தில் பெரியபுராண வகுப்பில் அப்பரின் உழவாரப்படையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஏழாம் நூற்றாண்டின் அந்த முதியவர் ஊர் ஊராக நடந்தார். பாடியதோடு நிற்காமல், கோயில் முற்றங்களில் மண்டிக்கிடந்த புல்லையும் முள்ளையும் தம் கையாலேயே செதுக்கினார். அவருடைய பக்தியில் உடலுழைப்புக்கும் இடம் இருந்தது என்று விளக்கினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "முற்றத்தைச் செதுக்கினார், சரி ஐயா. கோயிலை ஒட்டி ஓடுகிற ஆற்றில் சாக்கடை கலக்கிறதே, அதைச் செதுக்க யாராவது இறங்கியிருக்கிறார்களா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி அடித்துவிட்டதால் தப்பித்தேன். வீடு திரும்பும் வழியில் அவளுக்குரிய விடையாக நினைவில் எழுந்தது பஞ்சாபின் ஓர் ஓடை. அதன் கதையைச் சற்று விரிவாகவே இங்கே எழுதிவைக்கிறேன்.

*

அந்த ஓடையின் பெயர் காலி வேயின். ஆங்கில வரைபடங்களில் 'காலி பெயின்' என்று இருக்கும். 'காலி' என்றால் பஞ்சாபியில் கரியது. பஞ்சாபுக்குப் பெயர் தந்த ஐந்து ஆறுகளின் வரிசையில் இதற்கு இடமில்லை. ஹோஷியார்பூர் மாவட்டத்தில் முக்கேரியானுக்கு அருகே, தனோவா என்ற ஊர்ப்பக்கம் தோன்றுகிறது. பியாஸ் ஆற்றின் தாழ்நிலத்தில் வளைந்து வளைந்து சுமார் 160 கிலோமீட்டர் ஓடுகிறது. கபூர்தலாவையும் சுல்தான்பூர் லோதியையும் தொட்டுக்கொண்டு, பியாஸும் சட்லெஜும் கூடுகிற ஹரிகே பகுதியில் போய்ச் சேர்கிறது. இந்தச் சிற்றோடைக்குச் சமய வரலாற்றில் பெரிய இடம் கிடைத்தது ஒரு மனிதரால்.

1469இல் பிறந்த குரு நானக் தம் இளமையில் பல ஆண்டுகள் சுல்தான்பூர் லோதியில் வாழ்ந்தார். அவருடைய அக்காள் நானகியும் அவர் கணவர் ஜெய்ராமும் அங்கேதான் இருந்தார்கள். ஜெய்ராமின் உதவியால் ஆளுநர் தௌலத்கான் லோதியின் தானியக் கிடங்கில் நானக்குக்கு வேலை அமைந்தது. பகலில் தானியம் அளப்பது, விடியுமுன் ஓடையில் நீராடித் தியானத்தில் அமர்வது என்று நாட்கள் சென்றன. ஒருநாள் நீருக்குள் இறங்கியவர் மேலே வரவில்லை. மூழ்கிவிட்டார் என்று ஊர் தேடியது. மூன்றாம் நாள் கரையேறி வந்தார் என்கின்றன நானக்கின் வாழ்க்கைக் கதைகளான ஜனம்சாகிகள். வந்தவர் பேசிய முதற்பேச்சு, இந்து என்றும் முஸ்லிம் என்றும் பிரிவில்லை என்பது. அதன் பிறகே அவருடைய நெடும்பயணங்கள் தொடங்கின. 1499ஐ ஒட்டி இது நிகழ்ந்ததாகக் கொள்வது வழக்கம். அவர் நீராடிய இடத்துக்கு அருகே இன்று பேர் சாகிப் குருத்வாரா நிற்கிறது. 'பேர்' என்பது இலந்தை. நானக் நட்டதாக நம்பப்படும் இலந்தை மரம் அந்தப் பெயருக்குக் காரணம்.

ஓடைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அது பாசன வரலாறு. கபூர்தலா மன்னராட்சிக் காலத்தில், 1870இல், கஞ்ச்லி என்ற இடத்தில் ஓடையின் குறுக்கே தலைமதகு கட்டிப் பாசனத்துக்கு நீர் தேக்கினார்கள். தேங்கிய நீர் நாளடைவில் ஏரியும் சதுப்புமாக விரிந்தது. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் அங்கே வந்து தங்கின. மனிதர் தம் வயலுக்காகக் கட்டிய அணை, கேளாமலேயே ஒரு பறவைக் குடியிருப்பையும் உண்டாக்கிவிட்டது. 183 ஹெக்டேர் பரப்புள்ள இந்தக் கஞ்ச்லி ஈரநிலம் 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

*

வழிபடவும் பயிரிடவும் உதவிய ஓடை எப்படிச் சாக்கடையானது?

இதற்கு விடை பஞ்சாபின் செழிப்பிலேயே இருக்கிறது. 1960களின் பிற்பகுதியில் பசுமைப் புரட்சி வந்தது. அதனுடன் ஆழ்துளைக் கிணறுகளும் வந்தன. பொத்தானை அழுத்தினால் வயலில் நீர் கொட்டும் நிலை வந்த பிறகு, ஓடையை நம்பியிருக்க வேண்டிய தேவை உழவர்களுக்குக் குறைந்துபோனது. தேவை குறைந்த நீரைக் காவல் காக்க ஆள் இருப்பதில்லை. நீர் வற்றிய இடங்களில் கரையோர வயல்கள் மெல்ல ஓடைக்குள் இறங்கின. ஆறு ஊர்களும் நாற்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களும் தம் கழிவுநீரை அதில் விட்டன. கழிவில் உள்ள சத்தை உண்டு ஆகாயத்தாமரை பெருகியது. இந்தச் செடி நீர்ப்பரப்பை ஒரு பாயைப்போல் மூடும். வெயில் உள்ளே புகாது, காற்று கலக்காது, அடியில் அழுகும் தழை எஞ்சிய உயிர்வளியையும் தின்றுவிடும். மேலே பச்சையாகத் தெரிவது உண்மையில் மூச்சுத் திணறல். மேற்பகுதியில் ஓட்டம் தடைப்பட்டு வயல்களில் நீர் தேங்கியது, கீழ்ப்பகுதி வறண்டது. 'காலி' என்ற சொல்லைத் தமிழ்ப்பொருளில் வாசித்தாலும் அன்று பிழையில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சீரழிவு முழுவதும் பக்தர்களின் கண்ணெதிரே நடந்தது. சுல்தான்பூர் லோதிக்கு வந்தவர்கள் நானக் மூழ்கியெழுந்த இடத்தை வணங்கினார்கள். நாற்றத்துக்கு மூக்கையும் பொத்திக்கொண்டார்கள். ஓடை புனிதமானது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அந்தப் புனிதம் ஒரு வாளிச் சாக்கடையைக்கூடத் தடுக்கவில்லை. நம் ஊர் ஆறுகளைத் தாய் என்றும் தெய்வம் என்றும் பாடி வளர்ந்த நமக்கு இதில் வியப்பு இருக்காது.

*

மாற்றம் 2000ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கியது. ஜாலந்தரில் நடந்த ஒரு கூட்டத்தில் ஓடையின் நிலைமை பற்றிப் பேச்சு எழுந்தது. சீசேவால் என்ற கிராமத்தைச் சேர்ந்த துறவி பல்பீர் சிங் அதன் பிறகு வெறும் பேச்சில் நிற்கவில்லை. சில நாட்களில் தம்மோடு வந்தவர்களை அழைத்துக்கொண்டு நீருக்குள் இறங்கினார். சீக்கியரிடையே நிர்மலா மரபைச் சேர்ந்தவர் அவர். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர். அதற்கு முன்பே ஊர்மக்களைத் திரட்டிக் கிராமச் சாலைகள் போட்ட பழக்கம் அவருக்கு இருந்தது.

அவர் பயன்படுத்திய கருவி பழையது. சீக்கியர் அதைக் 'கார் சேவை' என்பார்கள். 'கார்' என்றால் வேலை. கூலியின்றிக் கூட்டாகச் செய்யும் உடலுழைப்பு. 1990களின் செய்தித்தாள்கள் வழியாக 'கரசேவை' என்ற சொல்லை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு அதன் மூலப்பொருள் இது என்று நினைவூட்ட வேண்டியிருக்கிறது. கோயிந்த்வாலில் மூன்றாம் குரு அமர்தாஸ் காலத்தில் எண்பத்து நான்கு படிகள் கொண்ட கிணறு வெட்டப்பட்டதும், நான்காம் குரு ராம்தாஸ் காலத்தில் அமிர்தசரஸின் திருக்குளம் தோண்டப்பட்டதும் இப்படித்தான். 1923இல் அந்தக் குளத்தில் படிந்த வண்டலை அள்ள மக்கள் பெருந்திரளாக வந்தார்கள். செல்வரும் ஏழையும் ஒரே கூடையைத் தலைமாற்றிச் சுமப்பது இந்த மரபின் உயிர். சீசேவால் செய்த புதுமை ஒன்றுதான்: குளத்துக்கு உரிய சேவையை ஓடும் நீருக்கு நீட்டினார். குளத்துக்கு மதில் உண்டு, வாசல் உண்டு. ஓடைக்கு 160 கிலோமீட்டர் நீளம் உண்டு. அதன் கரையில் எத்தனையோ பேரின் நலன்களும் உண்டு.

தொண்டர்கள் மார்பளவு நீரில் நின்று ஆகாயத்தாமரையைக் கையால் பிடுங்கிக் கரையேற்றினார்கள். சேற்றை அள்ளினார்கள். கிராமங்கள் தொண்டர்களுக்குச் சோறு போட்டன. ஓடைக்குள் பயிரிட்டவர்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. பேசித்தான் தீர்க்க வேண்டியிருந்தது. கரையில் பாதை போட்டார்கள், மரம் நட்டார்கள், படித்துறை கட்டினார்கள். அடைப்பு நீங்க நீங்க அடிமணலில் புதைந்து கிடந்த ஊற்றுகள் மீண்டும் கசியத் தொடங்கின. முக்கேரியான் நீர்மின் கால்வாயிலிருந்து ஓடைக்கு நீர் விடவும் வழி பிறந்தது.

*

இதுவரை சொன்னது எளிய பாதி. செடியைப் பிடுங்கலாம், செடிக்கு உணவூட்டும் சாக்கடையை எப்படிப் பிடுங்குவது? கழிவை ஓடையில் விடாதே என்று ஊரிடம் சொன்னால், வேறு எங்கே விடுவது என்று ஊர் கேட்கும். நியாயமான கேள்வி. இதற்குச் சீசேவால் கண்ட வழி மிக எளிமையானது. கிராமக் கழிவுநீரை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து வலை வழியே வடிகட்ட வேண்டும். அடுத்தடுத்து மூன்று கிணறுகளில் விட்டால் கனத்த கசடு அடியில் தங்கும், எண்ணெய்ப் பசை மேலே மிதந்து பிரியும். பிறகு குளத்தில் வெயில் படத் தேக்கி, அங்கிருந்து வயலுக்கு இறைக்க வேண்டும். ஓடைக்கு நஞ்சாக இருந்த அதே சத்து வயலுக்கு உரம். நிலத்தடி நீரை உறிஞ்சுவதும் அந்த அளவுக்குக் குறையும். இந்த முறை 'சீசேவால் மாதிரி' என்ற பெயரில் பஞ்சாபுக்கு வெளியிலும் அறியப்பட்டது. கங்கைக் கரைக் கிராமங்களுக்கும் அது பரிந்துரைக்கப்பட்டது.

2006 ஆகஸ்டில் அந்த ஓடையைப் பார்க்க ஒருவர் வந்தார். இராமேசுவரத்தில் பிறந்து அப்போது குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம். அரசுத் திட்டங்களின் திறப்பு விழாக்களுக்கே தலைவர்கள் செல்லும் நாட்டில், ஊர்மக்கள் தாமாகச் செய்த ஒரு வேலையைக் காண அவர் சுல்தான்பூர் லோதிவரை சென்றது சிறிய செய்தியல்ல. 2008இல் டைம் இதழ் சீசேவாலைச் சுற்றுச்சூழல் நாயகர்களின் வரிசையில் வைத்தது. 2017இல் பத்மஸ்ரீ, 2022இல் மாநிலங்களவை உறுப்பினர் பதவி.

*

கதையை இங்கே முடித்துவிட்டால் அழகாக இருக்கும், நேர்மையாக இருக்காது.

2010களில் அதே ஓடையில் மீன்கள் செத்து மிதந்த செய்திகள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்தன. காரணம் பழையதுதான்: மேலே எங்கோ கலந்த கழிவு. 2022 ஜூலையில், பணி தொடங்கிய இருபத்திரண்டாம் ஆண்டு நிகழ்வில், பஞ்சாப் முதலமைச்சர் பகவந்த் மான் ஓடையிலிருந்து ஒரு குவளை நீர் அள்ளிப் பருகினார். சில நாட்களில் அவர் டெல்லியில் மருத்துவமனைக்குச் சென்றார். ஓடைநீரால் வந்தது என்று சிலர் சொன்னார்கள். வழக்கமான பரிசோதனைதான் என்று அவர் தரப்பு சொன்னது. அந்த வாதத்தில் யார் பக்கம் உண்மை என்பதைவிட, இருபத்திரண்டு ஆண்டு உழைப்புக்குப் பின்னும் அந்த ஒரு குவளை நீரைப் பற்றி நாடு ஐயப்பட நேர்ந்ததே என் மனத்தில் தங்கிவிட்டது.

ஐயம் ஓடையோடு முடிவதுமில்லை. காலி வேயின் சென்று சேரும் ஹரிகேயிலிருந்துதான் ராஜஸ்தானின் பாலைநிலத்துக்குக் கால்வாயில் நீர் போகிறது. கபூர்தலா மாவட்டத்தின் ஒரு சிற்றூர் தன் சாக்கடையை எங்கே விடுகிறது என்பது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் குடம் ஏந்தி நிற்பவர்களையும் தொடுகிற கேள்வி.

அப்படியானால் அந்தத் தொண்டர்கள் தோற்றுவிட்டார்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆகாயத்தாமரை திரும்ப வரும். அது அதன் இயல்பு. குழாய் அடைத்துக்கொள்ளும், அதிகாரி மாறுவார், ஊர் அலுத்துப்போகும். அரசு செய்ய வேண்டியதைத் தொண்டர்கள் முழுவதும் செய்துவிட முடியாது. ஆனால் அவர்கள் இறங்கியிராவிட்டால் அங்கே ஓர் ஓடை இருந்தது என்பதையே அரசு மறந்திருக்கும். நானக் ஓடைக்குள் இருந்தது மூன்று நாள் என்கிறது மரபு. அவர் பெயரால் இறங்கியவர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இன்னும் முழுதாகக் கரையேறவில்லை.

மறுநாள் வகுப்பில் இதையெல்லாம் அந்த மாணவியிடம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிடுங்கினது திரும்ப முளைக்குமென்றால் எத்தனை நாளைக்கு ஐயா பிடுங்குவது?" என்றாள். நான் அப்பரின் திருவுருவத்தை நினைவுபடுத்தினேன். எந்தக் கோயிலிலும் அவர் உழவாரத்தைத் தோளில் சாய்த்தபடியே நிற்கிறார். வேலை முடிந்ததென்று அவர் அதைக் கீழே வைத்ததாக எந்தச் சிற்பியும் செதுக்கவில்லை.