கதாநாயகன் யார் பிள்ளை?

கணினித் திரையில் ஆடும் ஆட்டங்களைப் பற்றி இலக்கியப் பகுதியில் எழுதுவது தகுமோ என்று நேயர்களிற் சிலர் ஐயுறலாம். முன்னொரு காலத்தில் நாவலைப் பற்றியும், பின்னர் சினிமாவைப் பற்றியும் இதே ஐயம் எழுந்ததுண்டு. தோட்டத்திலும் பட்டணத்திலும் நம் வாலிபர் பலர் இரவு கண்விழித்துக் கதை கேட்பது இன்று இத்திரையின் முன்னர்த்தான். அக்கதைகளில் நாயகன் ஆகத்தக்கவன் யாவன், அவனை நாயகன் ஆக்குவது பிறப்பா, செய்கையா என்பது ஐம்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு வழக்கு. அவ்வழக்கின் வரலாற்றையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஆங்கிலத்தில் 'ரோல் பிளேயிங் கேம்' என வழங்குவதை நாம் வேட ஆட்டம் என்போம். ஆடுகிறவர் ஒரு வேடத்தை ஏற்று, அவ்வேடத்தின் கண்ணாற் கண்டு, கையாற் செய்து, ஒரு நெடுங்கதையைக் கடந்து செல்வது அது. சதுரங்கம்போல் முறைவைத்து ஆடாமல், வாள் வீசுவதும் அடிக்கு விலகுவதும் ஆடுவோரின் கைவேகத்தாலேயே நிகழுமாயின் அதனை 'ஆக்‌ஷன்' வகை என்பர். இவ்வாட்டப் பிரியரிடையே இரண்டு கட்சிகள் உள. நாயகனின் முகம், நிறம், பால், குலம், தொழில், பெயர் யாவற்றையும் ஆடுவோரே வகுத்துக்கொள்ள விடவேண்டும் என்பது ஒரு கட்சி. ஆசிரியன் படைத்த ஒருவனையே கையில் தந்து, அவன் கதையைப் பழுதறச் சொல்லவேண்டும் என்பது மற்றொன்று. முன்னது சுதந்திரம், பின்னது கட்டுப்பாடு என்று முதற் பார்வையில் தோன்றும். வரலாற்றைப் புரட்டினால் காரியம் அவ்வளவு எளிதாயில்லை.

இவ்வாட்டத்தின் பிறப்பிடம் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்னும் சிற்றூர். 1974-ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் இயற்றிய 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' மூன்று சிறு புத்தகங்களாக ஒரு பெட்டியில் வெளிவந்தது. திரை கிடையாது, காகிதம், பென்சில், பகடை ஆகியவையே கருவிகள். மூன்று பகடைகளை ஆறு முறை உருட்டி, வலிமை, அறிவு முதலிய ஆறு குணங்களுக்கு எண் பெற்று, தன் ஆளைத் தானே படைத்துக்கொள்வது முறை. வேடத்தைத் தன் விருப்பப்படி வகுக்கும் எண்ணம் உலகிற் பரவியது இதனால்தான். ஆயின் அதே பெட்டிக்குள் வேறொன்றும் புகுந்துகொண்டது. மனிதனாய்ப் பிறந்தவன் எத்தொழிலையும் ஏற்கலாம். குள்ளர் குலத்திற் பிறந்தவனோ போர்வீரன் ஆகலாமேயன்றி மந்திரம் கற்கலாகாது. போர்வீரனான பின்னும் ஆறாம் படிக்கு மேல் ஏறலாகாது. 1978-இல் வெளிவந்த விரிவான விதிநூல், பெண்ணின் உடல்வலிமைக்கு ஆணினும் தாழ்ந்த உச்சவரம்பு ஒன்றை வகுத்தது. விளையாட்டுத்தானே என்று கூறித் தள்ளுவாருண்டு. பகடையால் வந்த குறையை அடுத்த பகடை தீர்க்கும். குலத்தால் வந்த குறையை எந்தப் பகடையும் தீர்க்காது. இன்ன குலத்தான் இன்னதே கற்கலாம் என்ற விதியின் சுவையை நம்மவர்க்கு விளக்கவும் வேண்டுமோ?

இத்தளைகள் ஒவ்வொன்றாகவே கழன்றன. குலத்தைக் கொண்டு படிக்கு எல்லை வகுத்ததை 2000-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு எடுத்தெறிந்தது. குலத்தின் பெயரால் வரும் மிகுதி எண்களை விரும்பிய குணத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று 2020-இல் வந்த ஒரு துணைநூல் இசைவு தந்தது. 2024-ஆம் ஆண்டின் விதிநூல் 'ரேஸ்' என்ற சொல்லையே கைவிட்டு, அவ்வெண்களைப் பிறப்பினின்று பிரித்து, ஆள் வளர்ந்த வாழ்க்கையோடும் பயின்ற தொழிலோடும் சேர்த்தது. கற்பனையிற் பிறந்த குள்ளனுக்கு நீதி கிடைக்கவே ஐம்பது ஆண்டுகள் ஆயின!

காகிதத்தில் நடந்த கணக்கைக் கணினி ஏற்றுக்கொண்ட பின், கைவேகத்தை முதன்மையாகக் கொண்ட வகையை உலகெங்கும் பரப்பியது 'டையப்லோ'. 1996-ஆம் ஆண்டு முடிந்து 1997 பிறக்கும் வேளையில் கலிபோர்னியாவிலிருந்து வெளிவந்த இவ்வாட்டம், தொடக்கத்தில் முறைவைத்து ஆடுவதாகவே திட்டமிடப்பட்டது. டேவிட் பிரெவிக் என்னும் அதன் தலைமை நிரலாளர் சில மணி நேரத்தில் அதை மாற்றி, எலியை அழுத்தியவுடன் வாள் பாயும்படி செய்தார் என்பது இத்துறையினர் அனைவரும் அறிந்த கதை. எலி என்றது கணினியின் கைக்கருவியையே, நேயர்கள் சிரிக்கவேண்டா.

'டையப்லோ'வில் வேடங்கள் மூன்று: போர்வீரன், வில்லேந்திய பெண், மந்திரவாதி. முகத்தையும் பாலையும் மாற்ற வழியில்லை. ஆனால் ஓர் அரிய தாராளம் அதில் இருந்தது. தேவையான மந்திர எண்ணை வளர்த்துக்கொண்டால் போர்வீரனும் மந்திரநூல் கற்கலாம், தடுப்பார் இல்லை. மாதாகோவிலின் அடியில் பதினாறு நிலவறைகளைக் கடந்து, கடைசியில் கொடிய அசுரனை வீழ்த்தும் அந்த வீரன் எவன் பிள்ளை? கதை சொல்லவில்லை. பேரில்லை, ஊரில்லை, தகப்பன் இல்லை. தோட்டத் தொழிலாளி மகன் ஆடினால் அவனே வீரன். கடைக்காரர் மகள் ஆடினால் அவளே. அசுரனின் ஆவி அடங்கிய கல்லைத் தன் நெற்றியிலேயே பதித்துக்கொண்டு அவ்வீரன் நடப்பதோடு ஆட்டம் முடிகிறது.

2000-இல் வந்த இரண்டாம் பாகம், மூவருள் போர்வீரனே அசுரனை வென்றவன் என்று தீர்ப்பளித்தது. மற்ற இரு வேடங்களையும் பகைவராக்கிக் கொல்லக் கொடுத்தது. மந்திரவாதியாய் ஆடி வென்ற எத்தனையோ பேரின் வெற்றி அன்றே செல்லாக் காசாயிற்று. 2012-இல் வந்த மூன்றாம் பாகம் இன்னும் ஒரு படி சென்றது. அப்போர்வீரனுக்கு எய்டன் என்று பெயர் சூட்டி, அவன் லியோரிக் அரசனின் மூத்த குமாரன் என்று அறிவித்தது. பதினைந்து ஆண்டுகளாக யார் பிள்ளையாகவும் இருந்தவன் ஒரே நாளில் அரசன் பிள்ளையானான். இதனாற் கதைக்கு ஆழம் வந்ததென்பதை நாம் மறுக்கவில்லை. அசுரன் குடிகொண்டிருந்த உடல் அவ்வரசனின் இளைய மகனுடையதாகையால், அண்ணனே தம்பியை அறியாது கொன்ற துயரம் அதிற் புகுந்தது. எனினும் பெருஞ்செயல் செய்தவனைக் கண்டவுடன் அவனுக்கு ராஜவம்சம் தேடிக் கொடுக்கும் ஆசை கலிபோர்னியாவிலும் இருக்கக் கண்டு நாம் வியப்புற்றோம். வேடிக்கை என்னவெனில், வெளித்தோற்றத்தில் அதே ஆட்டம் நாளுக்கு நாள் தாராளமாகிக்கொண்டே வந்தது. மூன்றாம் பாகத்தில் ஒவ்வொரு வேடத்துக்கும் ஆண், பெண் இருபாலும் வந்தன; 2023-இல் வந்த நான்காம் பாகத்தில் தோலின் நிறம், முகவெட்டு, மயிர் யாவும் நம் விருப்பம். முகம் நம்முடையது, வரலாறு அவர்களுடையது.

இனி எதிர்க்கட்சியின் வாதத்தைக் கேட்போம். அதற்குச் சிறந்த சாட்சி போலந்து நாட்டிலிருந்து வருகிறது. ஆந்திரேய் சப்கோவ்ஸ்கி என்னும் எழுத்தாளர் 1986-இல் ஒரு சிறுகதையில் படைத்த கெரால்ட் என்னும் பூத வேட்டைக்காரனை நாயகனாகக் கொண்டு, சி.டி. புரொஜெக்ட் கம்பெனியார் 2007-இல் 'தி விட்சர்' என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். ஆடுவோர் தம் ஆளைத் தாமே படைக்கும் 'நெவர்விண்டர் நைட்ஸ்' என்ற ஆட்டத்துக்காகக் கனடாவின் பயோவேர் கம்பெனியார் ஆக்கிய நிரல் எந்திரத்தையே இவர்கள் வாங்கி, ஒரே ஒருவன் கதையைச் சொல்லப் பயன்படுத்தினர். நரைத்த தலை, பூனைக்கண், முரட்டுக் குரல்: இவற்றில் எதையும் வேறாக்க முடியாது.

2015-இல் வந்த அதன் மூன்றாம் பாகத்தில், நேயர்கள் நன்கு அறிந்த ஒரு குடும்பம் வருகிறது. ஊரை ஆளும் ஒரு குடிகாரச் சிற்றரசன். குடிவெறியில் மனைவியை அடித்தவன். அவ்வடியோடு அவள் வயிற்றுக் கரு கலைந்தது. மனைவியும் மகளும் வீட்டைவிட்டு ஓடிவிட்டனர். பெயரிடப்படாமலும் முறைப்படி அடக்கப்படாமலும் போன அச்சிசு பேயுருவாகி உலவுகிறது. அதனைத் தகப்பன் தன் கையாலேயே ஏந்தி நடந்து, வாசற்படியருகே புதைத்துப் பெயரிடும்படி கெரால்ட் செய்விக்கலாம். வாளால் வெட்டியும் எறியலாம். கள்ளுக் குடியின் கேட்டை விளக்கும் எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். இந்த ஒரு நடைக்கு ஈடாக அவற்றில் ஒன்றும் நம் நினைவில் நிற்கவில்லை. இக்காட்சிக்கு இவ்வலிமை எங்கிருந்து வந்தது? பெறாத மகளாகத் தான் வளர்த்த சிரி என்னும் பெண்ணைத் தேடி அலைபவன் கெரால்ட். மகளை விரட்டியடித்த தகப்பனுக்கு எதிரே மகளைத் தேடும் தகப்பன் நிற்கிறான். அவ்விடத்தில் நேற்றிரவு நாம் மூக்கும் தாடியும் பொறுக்கிச் செய்துகொண்ட, முன்கதையற்ற ஒருவனை நிறுத்தினால், அவன் கூலிக்கு வேலை செய்யும் வழிப்போக்கனே ஆவான். தெருக்கூத்தில் முடிவு இன்னதென்று ஊருக்கே தெரியும். தெரிந்தும் விடியும்வரை எழுந்து போவாரில்லை.

ஜப்பானியர் செய்த 'செகிரோ'வும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. விரும்பிய முகமும் தொழிலும் வகுத்துக்கொள்ளும் 'டார்க் சோல்ஸ்' என்ற ஆட்டத்தை 2011-இல் தந்த அதே கம்பெனியார், 2019-இல் ஒற்றைக்கை இழந்த ஒருவனை, ஒரே வாளோடு நாயகனாக்கினர். போர்க்களத்தில் கிடந்த அநாதை அவன்; எடுத்து வளர்த்தவன் வகுத்த முதல் விதி, தந்தை சொல்லே எல்லாவற்றுக்கும் மேல் என்பது. தான் காக்க வேண்டிய சிறுவனைக் கைவிடும்படி அத்தந்தையே ஆணையிடும்போது, பணிவதா மறுப்பதா என்பதை ஆடுவோரே தீர்மானிக்க வேண்டும். பணிந்தவனுக்குக் கதை அங்கேயே, கெட்ட முடிவோடு, முடிந்துவிடுகிறது. முகம் மாற்ற முடியாத நாயகனுக்கு மனம் மாற்றும் உரிமை இருக்கிறது பாருங்கள்.

இரண்டையும் ஒட்டவைக்கத் தடையாய் நிற்பது பெரும்பாலும் குரல். எழுத்தால் மட்டும் உரையாடிய நாளில் நாயகனுக்கு எப்பெயரும் எக்குலமும் தரலாம். நடிகரைக் கொண்டு ஒவ்வொரு சொல்லையும் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியபின், தேர்வு ஒன்று கூடினால் செலவும் கூடும். 2007-இல் வந்த 'மாஸ் எஃபெக்ட்' இதற்கொரு தந்திரம் கண்டது. முகமும் பாலும் முற்பெயரும் நம் விருப்பம்; 'ஷெப்பர்ட்' என்ற குடும்பப் பெயர் மட்டும் மாறாது. மற்றவர் எல்லாரும் அப்பெயரால் அழைப்பர். ஆணுக்கொன்று, பெண்ணுக்கொன்று என நாயகனின் பேச்சு முழுவதும் இருமுறை பதியப்பட்டது. 'விட்சர்' செய்தவர்களே 2020-இல் 'சைபர்பங்க் 2077' என்ற ஆட்டத்தில் கட்சி மாறி, நாயகனை நாமே படைக்க விட்டனர். நாடோடி, தெருவிற் பிறந்தவன், பெருங்கம்பெனி ஊழியன் என மூன்று முன்வாழ்க்கைகள் வைத்தனர். சிறிது நேரத்தில் மூன்று பாதைகளும் ஒன்றாகிவிடுகின்றன. அதன்பின் எவ்விடத்திற் பிறந்தோம் என்பது உரையாடலில் அங்கங்கே ஒரு வரியாக எஞ்சுகிறது. ஆட்டமோ நாயகனின் கண்வழியே நடப்பதால், பாடுபட்டு அமைத்த முகத்தை நாமே காண்பதும் அரிது. முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுதந்திரம் என்று விற்பது இதுவே என நாம் கருதுகின்றோம்.

அவ்வாறாயின், தேர்ந்த பிறப்பு கதைக்குள்ளும் கனமாக நின்ற ஆட்டம் உண்டோ? உண்டு. கனடாவின் எட்மன்டன் நகரத்துப் பயோவேர் கம்பெனியார் 2009-இல் வெளியிட்ட 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' அது. கைவேகத்தினும் யோசனைக்கே மிகுதியும் இடந்தரும் ஆட்டமாயினும், நம் வழக்குக்கு அதனினும் பொருந்திய சான்றை நாம் கண்டதில்லை. அதில் ஆறு பிறப்புகள். ஒவ்வொன்றுக்கும் தனித்த முதற்காண்டம். நகரத்துச் சேரியில் வாழும் ஒரு குலத்திற் பிறந்தால், மணநாளன்றே பிரபுவின் மகன் மணப்பெண்களைத் தூக்கிச் செல்வதைக் காண்போம். பூமிக்கடியில் ஒர்ஸம்மார் என்னும் குள்ளர் நகரத்திற் பிறந்தாலோ, இருவழி: பிரபுவாகப் பிறக்கலாம், அல்லது சாதியற்றவனாகப் பிறக்கலாம்.

ஆம், சாதிதான். பிரபு, போர்வீரன், கொல்லன், கைவினைஞன், சுரங்கத் தொழிலாளி, வணிகன், பணியாள் எனப் படிப்படியாக அந்நகரம் வகுக்கப்பட்டிருக்கிறது. மகனுக்குத் தந்தையின் சாதி. மகளுக்குத் தாயின் சாதி. எதிலும் சேராதவர்க்குப் பிறந்தவுடன் முகத்திற் குறியிடுவர்; குடியிருப்பு புழுதிச் சேரி; நேர்மையான தொழில் ஒன்றும் கிடையாது. அங்கே பிறந்த நம் நாயகன், குடித்து விழுந்த ஒரு போர்வீரனின் கவசத்தை மாட்டிக்கொண்டு, அரங்கில் இறங்கி வெல்கிறான். தலைக்கவசம் நீங்கியதும் கூட்டத்தின் ஆரவாரம் அடங்குகிறது, வெற்றி குற்றமாகிறது, பரிசு சிறை. இக்காட்சியை நாம் ஆடியபோது பொத்தானை அழுத்தவும் மறந்து வெறுமனே பார்த்திருந்தோம்.

நகரைவிட்டு வெளியேறியவன் பின்னொரு நாள் உலகைக் காக்கும் படையின் தூதனாகத் திரும்புகிறான். பிரபுவாய்ப் பிறந்து ஆடினவரை ஒருவிதமாயும் இவனை வேறுவிதமாயும் அந்நகரத்தார் நடத்துகின்றனர். காவலனும் கடைக்காரனும் முகத்துக்கு நேரே இழித்துப் பேசுகின்றனர். ஆனால் அரசுரிமை வழக்கைத் தீர்க்கும் அதிகாரம் இவன் கைக்கே வருகிறது. போட்டியிடுவோர் இருவர். ஹாரோமான்ட் மரியாதையான முதியவர், சொன்ன சொல் தவறாதவர், முறைமையைப் போற்றுபவர். பெலன், உடன்பிறந்தாரையே சூழ்ச்சியால் ஒழித்த அரசகுமாரன். நல்லவரைத் தேர்ந்தால், கதையின் முடிவுரையில் அவர் சாதிக் கட்டுகளை மேலும் இறுக்குகிறார். கெட்டவனைத் தேர்ந்தால், அவன் சபையைக் கலைத்துத் தனியாட்சி செய்கிறான். சாதியற்றவர்க்கு ஆயுதமும் உரிமையும் தந்து படையிற் சேர்த்துக்கொள்கிறான். புழுதிச் சேரியிற் பிறந்து ஆடினவரையும் அரண்மனையிற் பிறந்து ஆடினவரையும் அருகருகே வைத்து இத்தீர்ப்பைக் கேட்டால், அவர் ஆடினது ஒரே ஆட்டமோ என்று ஐயம் வரும்.

இத்தனை வேலையை அக்கம்பெனியார் மறுமுறை செய்யவில்லை. 2011-இல் வந்த இரண்டாம் பாகத்தில் நாயகன் பேசத் தொடங்கினான்; கூடவே, ஹாக் என்ற குடும்பத்து மனிதனாக மட்டுமே பிறக்கலாயிற்று. 2014-இன் மூன்றாம் பாகத்தில் குலங்கள் திரும்பின. ஆயின் பிறப்பு இன்னதென்று சில வரிகளில் எழுதிக் காட்டப்பட்டதே தவிர, ஆடக் கிடைக்கவில்லை. 2024-இன் நான்காம் பாகத்தில் முகம் அமைக்கும் பகுதி முன் எதனினும் விரிந்து, உடற்கட்டுவரை நுணுக்கமாக வகுக்க இடந்தந்தது. முதற்காண்டம் எல்லார்க்கும் ஒன்றே. புழுதிச் சேரியின் தெருவில் தாமே நடந்து பார்க்க விரும்புவோர், முகங்கள் மரத்தாற் செய்தவைபோல் தோன்றும் அந்த 2009-ஆம் ஆண்டு ஆட்டத்தையே இன்றும் தேடிச் செல்கின்றனர்.