கதை உரையாடலும் பத்தி அமைப்பும் (சேலம்–நாமக்கல் வட்டாரம்)

கதையின் கைப்படியிலும் அச்சுப்படியிலும் பாத்திரங்களின் பேச்சைக் கதைகூறலிலிருந்து பிரித்துக் காட்டும் முறையையும், பத்திகளுக்கு இடையே விடும் வெளியையும் இக்கட்டுரை கூறுகிறது. இவற்றுக்குத் தமிழில் இலக்கண நூல் விதி இல்லை. அச்சகமும் பத்திரிகையும் ஏற்படுத்திய வழக்கமே விதியாக நின்றது. சேலம், நாமக்கல் சமவெளியின் எழுத்துலகம் இவ்வழக்கத்தின் சில திருப்பங்களோடு தொடர்புடையது.

முன்வரலாறு

ஓலைச்சுவடியில் சொற்களுக்கு இடையே இடம் விடுவதில்லை. பெரும்பாலும் புள்ளியும் இடுவதில்லை. செய்யுள்கூட அடி பிரியாமல் ஓலையின் விளிம்புவரை ஓடும். பேச்சு முடியும் இடத்தை ‘என’, ‘என்று’, ‘என்றான்’ ஆகிய சொற்களே காட்டிவிடுவதால் மேற்கோள்குறியின் தேவை எழவில்லை.

நிறுத்தக்குறிகள் அச்சோடு வந்தவை. அவற்றைத் தமிழ் உரைநடையில் நிலைநிறுத்தியவர் என்று ஆறுமுக நாவலரைப் (1822–1879) பலரும் குறிப்பிடுவர். அவருக்கு முன்பே விவிலியம் அச்சிட்ட சமயத்தொண்டர்களுக்கு அப்பெருமையைத் தருவாரும் உண்டு. 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்ற நாவல் நீண்ட பத்திகளில் கதை சொல்லிற்று. தொடக்ககால நாவல்கள் சிலவற்றில் நாடகத்தில் போலப் பேசுவோர் பெயரும் முக்காற்புள்ளியும் இட்டு உரையாடலை அமைத்த இடங்கள் உள்ளன.

காந்தி ஆசிரமமும் ‘விமோசன’மும்

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925இல் இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவினார். அங்கிருந்து மதுவிலக்குப் பிரசாரத்துக்காக 1929இல் ‘விமோசனம்’ என்ற மாத இதழ் தொடங்கப்பட்டது. இராஜாஜி ஆசிரியர், கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி துணையாசிரியர். கள்ளின் கேட்டைக் கதையாகவும் படமாகவும் சொன்ன இவ்விதழ் பத்து இதழ்களோடு நின்றது.

கல்கி பின்னர் ‘ஆனந்த விகட’னிலும், 1941 முதல் ‘கல்கி’ இதழிலும் எழுதிய தொடர்கதைகளில் ஆள் மாறும்போது புதுப்பத்தி, இரட்டை மேற்கோள்குறி, இரண்டு மூன்று வாக்கியங்களில் முடியும் பத்தி ஆகியவை வாசகர்க்குப் பழகிப்போயின. அந்நடைக்கு ‘விமோசன’மே வித்து எனத் துணிந்து கூற இயலாது. ஆனால் பிறர் படிக்கக் கேட்கும் ஊராருக்கும் எட்டவேண்டிய பிரசாரக் கதைக்கு நீண்ட பத்தி உதவாது என்பது தெளிவு.

‘மலைக்கள்ள’னும் மாடர்ன் தியேட்டர்ஸும்

மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை (1888–1972) ‘மலைக்கள்ளன்’ நாவலைச் சிறைவாசத்தின்போது எழுதினார் என்பர். அது 1954இல் கோவை பட்சிராஜா நிறுவனத்தின் படமாயிற்று, வசனம் மு. கருணாநிதி. குடியரசுத்தலைவரின் வெள்ளிப்பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப்படம் அது. நாவல், திரைவசனம் என இரு வடிவங்களில் ஒரே கதை அமைந்ததற்கு இது இவ்வட்டாரத்தின் நல்ல எடுத்துக்காட்டு. நாவலில் பேச்சைச் சூழ்ந்து நிற்கும் வருணனை, திரைப்படியில் தனியே ஒதுங்கிவிடுகிறது. அங்கே பொதுவாகத் தாளின் ஒரு பாதி காட்சிக்கும் மறு பாதி பேச்சுக்கும் உரியது.

சேலத்தில் திருச்செங்கோடு இராமலிங்கம் சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்பட நிறுவனம், வசனகர்த்தாக்களின் பட்டறையாக விளங்கியது. ‘மந்திரி குமாரி’க்குக் (1950) கருணாநிதியும், ‘வளையாபதி’க்குப் (1952) பாரதிதாசனும் வசனம் எழுதினர். தம் வசனத்தில் சொல் மாற்றப்பட்டதற்காகப் பாரதிதாசன் அந்நிறுவனத்தோடு உறவை முறித்துக்கொண்டார் என்றொரு செய்தி வழங்குகிறது. அக்காலப் படங்களின் கதைவசனப் புத்தகங்கள் பெயர், முக்காற்புள்ளி, பேச்சு என்ற நாடக அமைப்பைச் சிற்றூர்களுக்கும் கொண்டு சென்றன. நாவலில் வழக்கொழிந்துவந்த பழைய முறைக்கு மலிவுப் பதிப்புகளில் மறுவாழ்வு கிடைத்தது.

அச்சுக்கோப்பு

ஈய எழுத்துக் காலத்தில் பத்தி என்பது கைவேலை. பத்தித் தொடக்கத்தில் எழுத்தில்லாத ஈயக்கட்டை ஒன்றை வைத்தால் உள்ளடங்கல் கிடைக்கும். வரிகளுக்கிடையே மெல்லிய ஈயத்தகட்டைச் செருகினால் இடைவெளி கூடும். திறப்பு மேற்கோளுக்குக் கமா எழுத்தைத் தலைகீழாக நிறுத்திக்கொள்வதும் உண்டு.  ஒவ்வொரு பேச்சையும் தனி வரியில் அமைத்தால் பக்கம் பெருகும். இரண்டாம் உலகப்போர்க் காலத் தாள் தட்டுப்பாட்டில் இது பெருஞ்செலவு. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதி, ஓரம் விட்டு அனுப்புமாறு பத்திரிகைகள் எழுத்தாளரைக் கேட்டுக்கொண்டதும் அச்சுக்கோப்பவரின் வசதிக்காகவே.

வட்டார வழக்கு

இவ்வட்டாரத்தையும் உள்ளடக்கிய கொங்குப் பகுதியின் பேச்சை நாவலுக்குக் கொண்டுவந்த முன்னோடியாக ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) கருதப்படுகிறது. திருச்செங்கோட்டுப் பகுதியைச் சேர்ந்த பெருமாள்முருகன் ‘ஏறுவெயில்’ (1991), ‘கூளமாதாரி’ (2000), ‘மாதொருபாகன்’ (2010) முதலிய நாவல்களில் இவ்வட்டார வழக்கை விரிவாகக் கையாண்டார். கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் தொகுத்தார்.

வட்டாரப் பேச்சுக்கு உரையாடல் அமைப்பில் ஒரு பயன் உண்டு. “ஏனுங்க, சந்தைக்கா?” என்று ஒருவர் கேட்க, “ஆமாடா, நீ வரலியா?” என்று மற்றவர் சொன்னால், மூத்தவர் எவர், இளையவர் எவர் என்பது விளங்கிவிடுகிறது. ‘என்றான்’, ‘என்றார்’ ஆகியவற்றைக் குறைத்துக்கொள்ளலாம். வழக்குச்சொல்லை மேற்கோள்குறிக்குள் மட்டும் அடக்குவதா, கதைகூறலிலும் பரவவிடுவதா என்பதில் எழுத்தாளரிடையே ஒருமித்த கருத்தில்லை.

அண்மைக்காலம்

கணினி அச்சுக்கோப்பு வந்தபின் அமைப்பின் பொறுப்பு எழுத்தாளரிடமும் பக்க வடிவமைப்பாளரிடமும் சேர்ந்தது. ‘தமிழ் நடைக் கையேடு’ நிறுத்தக்குறிகளுக்கு வழிகாட்டுகிறது. சில பதிப்பகங்கள் ஒற்றை மேற்கோளையும் சில இரட்டையையும் ஏற்கின்றன. குறியே இடாமல் எழுதுவாரும் உளர். திரையில் படிக்கப்படும் கதைகளில் உள்ளடங்கலுக்குப் பதிலாகப் பத்திகளுக்கிடையே ஒரு வெற்றுவரி விடும் வழக்கம் பரவியுள்ளது. உள்ளடங்கல், வெற்றுவரி இரண்டையும் ஒருசேர இடுவது வேண்டாத இரட்டிப்பு. எல்லாரும் ஏற்ற ஒரே முறை இன்றுவரை இல்லை. எம்முறையைக் கொண்டாலும் கைப்படி முழுதும் அதையே கடைப்பிடித்தல் வேண்டும்.